கடலூர், புதுச்சேரி பக்கம் வீடு கட்டுபவர்கள் மரப்பலகைகள் பற்றிக் கேட்கும் கேள்விகள்

மெல்லிய மரத் தோல்களை அடுக்கி ஒட்டிய பிளைவுட், நடுவில் மரக்கட்டைகள் வைத்த பிளாக் போர்டு, மர நாரை அழுத்திய எம்.டி.எஃப்., மரத்தூளை அழுத்திய பார்ட்டிகிள் போர்டு என்று கடைக்குப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எல்லாவற்றின் மேலும் ஒரு பச்சை இலைப் படம் வேறு ஒட்டியிருக்கிறது. காட்டை அழிக்காத, வீட்டில் இருப்பவர்களின் மூச்சைக் கெடுக்காத, நம் கடற்கரை ஈரத்திலும் இருபது வருடம் தாங்குகிற பலகை எது என்று கேட்பவர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். நல்ல விஷயம். கடலூரிலிருந்து கோட்டக்குப்பம் வரை வீட்டு மரவேலைகளை எடுத்துச் செய்கிறவன் நான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

மரத்தை வெட்டித்தானே பலகை செய்கிறார்கள், அது எப்படிச் சுற்றுச்சூழலுக்கு நல்லதாகும்?

எந்த மரம், யார் வைத்தது, வெட்டின இடத்தில் மறுபடி நட்டார்களா என்பதைப் பொறுத்தது. 1996 டிசம்பர் 12 அன்று, காடுகளைக் காக்கச் சொல்லித் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு காட்டு மரத்தை நம்பி ஓடிய ஆலைகளுக்குக் கதவு அடைபட்டது, அதிலிருந்து நம் நாட்டு பிளைவுட் பெரும்பாலும் விவசாயி நட்டு வளர்த்த மரத்தில்தான் தயாராகிறது. ஹரியானாவின் யமுனாநகர் ஆலைகளுக்கு வயலோரம் வளர்த்த பாப்ளரும் தைலமரமும் போகின்றன. கேரளாவின் பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர் மரத்தை வைத்தே வளர்ந்தவை. பால் வடிப்பது குறைந்து, 25, 30 வருடத்தில் எப்படியும் வெட்டப்போகிற மரம் அது, முன்பெல்லாம் விறகாகப் போனது. தமிழ்நாட்டில் மலைவேம்பை 6-லிருந்து 8 வருடத்தில் பிளைவுட்டுக்கு வெட்டலாம் என்பதால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி அதை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. நம் மாவட்டத்திலும் சவுக்கோடு சேர்த்து மலைவேம்பு வைத்திருக்கும் தோட்டங்களைப் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரி. 30 கிலோ எடையுள்ள ஒரு பிளைவுட் பலகை, மரம் காற்றிலிருந்து இழுத்த 45 கிலோ அளவு கரியமில வாயுவைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. ஆனால் பலகை மட்கினாலோ எரிந்தாலோ அது அவ்வளவும் காற்றுக்கே திரும்பிவிடும். அதனால்தான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி "எத்தனை வருடம் தாங்கும்?" என்பதுதான். ஐந்து வருடத்தில் உப்பிக் குப்பைக்குப் போகும் பலகையில் எந்தச் சான்றிதழ் ஒட்டியிருந்தாலும் நான் அதைப் பசுமை என்று சொல்லமாட்டேன்.

எஃப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் போதுமா?

இருந்தால் நல்லது. காட்டைப் பொறுப்போடு பராமரிக்கிறார்களா என்று பார்த்துச் சான்று கொடுக்கும், 1993-ல் தொடங்கிய உலக அமைப்பு அது. காட்டிலிருந்து கடைவரை மரம் கைமாறும் ஒவ்வொரு இடத்தையும் தணிக்கை செய்கிறார்கள். முத்திரையின் கீழே சி என்ற ஆங்கில எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் இருக்கும், அதை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். "மிக்ஸ்" என்று எழுதியிருந்தால் சான்று பெற்ற காட்டு மரத்தோடு கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மற்ற மரமோ மறுசுழற்சி மரமோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது தவறில்லை, தெரிந்து வாங்கினால் சரி.

கடையில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். கம்பெனிக்குச் சான்று இருப்பது வேறு, நீங்கள் வாங்கும் அந்தப் பலகை சான்று பெற்ற மரத்தில் செய்யப்பட்டது என்பது வேறு. பில்லில் சான்று எண்ணோடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மறுத்தால், அந்த முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். முத்திரையே இல்லாத, ஆனால் பக்கத்து மாநிலத்து ரப்பர் மரத்தில் நல்ல பசை போட்டுச் செய்த பலகையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், சிறிய ஆலைகளுக்குச் சான்றிதழ் செலவு கட்டுபடியாவதில்லை என்பதும் உண்மை.

"முழுக்க குர்ஜன்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்கிறாரே?

குர்ஜன் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் தானாக வளரும் பெரிய மரம், பல வகைகள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. உறுதியான மரம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டு அலமாரிக்கு அந்த உறுதி தேவையே இல்லை. எந்த நாட்டு மரம் என்று கேளுங்கள், சொல்லத் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தைலமரம் அல்லது ரப்பர் மரத்து நடுப்பகுதி, மேலே ஒட்ட உங்களுக்குப் பிடித்த மைக்கா, அதாவது லேமினேட் தாள், அது போதும்.

எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்று மூன்று சொல்கிறார்கள், எதை வாங்க?

இவை பசையின் தரத்தைச் சொல்கின்றன. எம்.ஆர். என்பது 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் தாங்கவேண்டியது. பி.டபிள்யூ.ஆர். கொதிநீரில் 8 மணி நேரம். இவை இரண்டும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர விதிக்குள் வரும். பி.டபிள்யூ.பி., அதாவது மெரைன், ஐ.எஸ். 710-ன்படி 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக்கூடாது, அதோடு பூச்சி மருந்தும் மரத்துக்குள் ஏற்றியிருக்கவேண்டும்.

சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ எழுதுகிறவர்கள் "படுக்கையறைக்கு எம்.ஆர். போதும்" என்பார்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் துணியே காய்வதில்லை, சுவர் வியர்க்கிறது, தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் உப்புக் காற்று வேறு. அதனால் நான் எம்.ஆர். பலகையை வெளிச்சுவரைத் தொடாத, உள்சுவர் அலமாரிக்கு மட்டும்தான் ஒத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் பி.டபிள்யூ.ஆர்., சமையலறையில் ஐ.எஸ். 710.

கடையில் நல்ல பலகையா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் ஓரத்தைப் பாருங்கள், மேல் முகத்தை அல்ல. மேல் முகம் அழகாக இருக்க ஒரு காகிதக் கனத்துத் தோல் போதும். பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து ஓரம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே போனால், உள் அடுக்குகளுக்கு நடுவே நகம் நுழைகிற மாதிரி இடைவெளி சில இடங்களில் தட்டும், அங்கேதான் பின்னால் கீல் திருகு பிடிக்காமல் ஆடும். ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் ஏறியிருந்தால் அந்த இடத்தில் மேல் முகம் லேசாக மேடு தட்டியிருக்கும், மைக்கா ஒட்டின பிறகு ட்யூப்லைட் வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரியும். அப்புறம் நாணயத்தால் நடுவிலும் மூலைகளிலும் தட்டுங்கள். ஒரே சத்தம் வரவேண்டும், எங்காவது பொத்தென்று கேட்டால் உள்ளே குழி.

பசைக் கோடு அடர் பழுப்பாக இருந்தால் ஃபீனால் பசை, வெளிறி இருந்தால் யூரியா பசை என்பது பொதுவான அடையாளம். ஆனால் யூரியா பசையில் சாயம் கலந்து ஏமாற்றுவதும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வாங்கிவந்து, சமைக்காத பழைய பாத்திரத்தில் போட்டு, முற்றத்து அடுப்பில் மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். யூரியா பசை சீக்கிரமே விட்டுவிடும், அடுக்கடுக்காகப் பிரிந்து மிதக்கும். ஃபீனால் பசை என்றால் தண்ணீர் பழுப்பாகும், துண்டு பிரியாமல் அப்படியே இருக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழ் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அந்த உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று கடையிலேயே நின்று தெரிந்துகொள்ளலாம். தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025-ல் அமலுக்கு வந்த பிறகு பிளைவுட்டுக்கு இந்த முத்திரை கட்டாயமாகிவிட்டது, சிறு குறு ஆலைகளுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள்.

புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது. குழந்தை இருக்கும் வீடு, பயப்படவேண்டுமா?

அலட்சியமாக விடக்கூடாது. அந்த நெடி பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அதை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. யூரியா பசையில் கசிவு அதிகம், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பசை உடைந்து இன்னும் கூடும். நம் ஊரில் இரண்டுக்குமே பஞ்சமில்லை. ஃபீனால் பசையில் கசிவு மிகக் குறைவு.

வாங்கும்போது ஈ1 அல்லது அதைவிடக் கசிவு குறைந்த ஈ0 என்று கேளுங்கள். ஈ1 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த அளவே அதிகம் என்று மர அறைகலன்களுக்கு 0.062 ஆகக் குறைத்து 2026 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டிருக்கிறது. ஏற்கெனவே செய்துவிட்ட அலமாரி என்றால், வெட்டின ஓரம், திருகு போட்ட ஓட்டை, பின்பக்கம், இப்படி மூடாமல் விட்ட இடங்களை எல்லாம் பீடிங்கோ சீலரோ போட்டு அடையுங்கள். கசிவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. சில வாரங்கள் கதவுகளைத் திறந்துபோட்டு, மின்விசிறி ஓடவிட்டு, குழந்தையை வேறு அறையில் படுக்கவையுங்கள். ஊதுபத்தி கொளுத்தி நெடியை மறைப்பதால் ஒரு பயனும் இல்லை.

சமையலறைக்கு என்ன போடலாம்? மாடுலர் கிச்சன் ஆட்கள் பார்ட்டிகிள் போர்டு போதும் என்கிறார்கள்.

அவர்களுக்குப் போதும், உங்களுக்குப் போதாது. பார்ட்டிகிள் போர்டு மோசமான பொருள் என்று சொல்லவரவில்லை. மரத்தூளையும் சிம்புகளையும் வீணாக்காமல் செய்கிற பலகை, காய்ந்த இடத்தில் புத்தக அலமாரிக்கும் படிப்பு மேசைக்கும் நன்றாக உழைக்கும். தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் ரவை உப்புமா மாதிரி உப்பிக்கொள்ளும், பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. எம்.டி.எஃப்.-பும் ஏறக்குறைய அப்படித்தான். எச்.டி.எச்.எம்.ஆர். என்று இப்போது வருகிற அடர்த்தியான பலகை இவற்றைவிட நன்றாக ஈரம் தாங்கும், மேல் ஷட்டர்களுக்குப் போடலாம், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு அதுவும் வேண்டாம்.

என் யோசனை நம் ஊர்ப் பழைய பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்பதுதான். மேடைக்குக் கீழே கடப்பா கல்லை நிறுத்தி, கல்லிலேயே தட்டு வைத்துவிடுங்கள். சிங்க் அடியில் மரமே வேண்டாம். முன்னால் வரும் ஷட்டருக்கு மட்டும் ஐ.எஸ். 710 பிளைவுட். இப்படிச் செய்தால் முழுக்கப் பலகையால் செய்யும் கிச்சனோடு ஒப்பிட்டால் பலகைச் செலவு பெரிதும் குறையும், பத்து வருடம் கழித்து ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஷட்டருக்கு இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி உள்பக்கம் வெறும் பெயிண்ட் அடித்தால், ஒரு மழைக்காலத்திலேயே கதவு வில்லாக வளைந்துவிடும். பலகைகள் வந்து இறங்கியதும் சுவரில் சாய்த்து வைக்கவிடாதீர்கள், தரையில் நான்கு கட்டை போட்டு அதன்மேல் படுக்கவைத்து அடுக்கவேண்டும். பூச்சுவேலை காயாத வீட்டுக்குள் பலகையைக் கொண்டுவராதீர்கள், சுவரின் ஈரம் அவ்வளவும் அதற்குள் இறங்கும். கடலோரமாக இருந்தால் திருகும் கீலும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும், பலகை நன்றாக இருந்தும் திருகு துருப்பிடித்துக் கதவு விழுந்த வீடுகள் நிறைய.

டபிள்யூ.பி.சி. போட்டால் மரமே வெட்டவேண்டாம், அதுதானே பசுமை?

வுட் பிளாஸ்டிக் காம்போசிட் என்பதன் சுருக்கம் அது, பெயரில் மரம் இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் பி.வி.சி., மரத்தூள் கொஞ்சம், சிலவற்றில் அதுவும் பெயருக்குத்தான். கரையான் தொடாது, தண்ணீர் ஏறாது, குளியலறைக் கதவுக்கு நானே போடச் சொல்கிறேன், அந்த இடத்தில் மரம் தோற்றுப்போகும். ஆனால் வீடு முழுக்க பிளாஸ்டிக் பலகையை நிறைத்துவிட்டு மரத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்வது சரியாக வராது. விவசாயி நட்ட மலைவேம்புக்கு விலை கிடைக்காவிட்டால் அவர் அடுத்த முறை மரம் நடமாட்டார்.

ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இனி கீழ்த்தளத்தில் மரவேலையே வேண்டாமா?

2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்து தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அந்த அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றால் எந்தப் பலகைக்கும் சேதம்தான். ஆனாலும் அப்போது கழற்றிப் பார்த்த வீடுகளில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளை அள்ளித்தான் போட்டோம், மெரைன் பிளைவுட்டில் மைக்கா மட்டும் சில ஓரங்களில் கிளம்பியிருந்தது, காயவைத்து மறுபடி ஒட்டிக்கொண்டார்கள்.

தண்ணீர் வரும் தெரு என்று தெரிந்தால், அலமாரியைத் தரையோடு கட்டாமல் முக்கால் அடி கல் திண்டு எழுப்பி அதன்மேல் வையுங்கள். கீழ் இரண்டு தட்டு கல், மேலே பலகை. ஆணியும் பசையும் போட்டு நிரந்தரமாக மூடாமல் கழற்றக்கூடிய திருகு போடச் சொல்லுங்கள், வெள்ளம் வடிந்ததும் பிரித்து நிழலில் காயவைக்கலாம். வெயிலில் போட்டால் கோணிவிடும். அறைத் தடுப்புச் சுவருக்கு சிமெண்டும் மரச் சிம்பும் சேர்த்து அழுத்திய பலகை இருக்கிறது, கடையில் பைசன் போர்டு என்றால் எடுத்துக் கொடுப்பார்கள், ஐ.எஸ். 14276. கனம் அதிகம், தண்ணீரையும் கரையானையும் பிளைவுட்டைவிட நன்றாகத் தாங்கும்.

கரையானுக்கு என்ன செய்வது?

வீட்டிலிருந்து தொடங்கவேண்டும், பலகையிலிருந்து அல்ல. கடைக்கால் போடும்போதே ஐ.எஸ். 6313-ன்படி மண்ணுக்கு மருந்து அடித்துவிடுங்கள், வீடு முடிந்த பிறகு துளை போட்டு அடிப்பது இரண்டாம் பட்சம். பலகையில், பசையோடு மருந்து கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் வெட்டியவுடன் போரான் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை வாங்கவே வாங்காதீர்கள். அலமாரியின் பின்பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கரையான் மண் கோடு போட்டு ஏறினால் கண்ணில் படும், காற்றும் ஓடும்.

மாடியில் கொட்டகை போடவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், தகரம் சுடுகிறது.

மூங்கில் பாயைப் பசையில் தோய்த்து அடுக்கி, அச்சில் அழுத்திச் செய்யும் நெளிப்பலகை ஒன்று உண்டு. பெங்களூர் பிளைவுட் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது, ஐ.எஸ். 15476 என்று தனித் தரமே இருக்கிறது. தகரத்தைவிட வெயிலில் குளுமை, மழைச் சத்தமும் குறைவு. மூங்கில் நான்கைந்து வருடத்தில் முற்றிவிடும், வெட்டினாலும் அதே புதரிலிருந்து மறுபடி முளைக்கும். நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கமாட்டார்கள், சொல்லித்தான் வரவழைக்கவேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை மறக்கமுடியாது, எந்தக் கூரை போட்டாலும் கொக்கி போல்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பழைய வீட்டு மரம், பேக்கிங் பெட்டி மரம் பயன்படுத்தலாமா?

தாராளமாக. புதுச்சேரியில் பழைய வீடு இடிக்கும்போது வரும் தேக்கு உத்தரமும் நிலையும், புதுத் தேக்கைவிட நன்றாகக் காய்ந்தவை, இனி கோணாது. ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கவேண்டும், இல்லாவிட்டால் அறுப்பு மில்லில் எடுக்கமாட்டார்கள். சுவருக்குள் இருந்த முனைகளை அரை அடி வெட்டிப் பாருங்கள், மட்கல் அங்கேதான் தொடங்கும்.

தொழிற்பேட்டைகளில் இருந்து வரும், சரக்கு அடுக்கும் பைன் பாலட் மரத்தில், கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு சூட்டு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டியது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வெளிநாட்டில் மரப்பலகையிலேயே அடுக்குமாடி கட்டுகிறார்களாமே, இங்கே முடியுமா?

குறுக்கு நெடுக்காகப் பலகைகளை ஒட்டிய சி.எல்.டி. பாளங்கள் அவை. நார்வேயில் 2019-ல் ஒட்டிய மர உத்தரங்களையும் தூண்களையும் முக்கியமாக வைத்து 85 மீட்டர் உயரக் கட்டடமே முடித்துவிட்டார்கள். நம் மத்திய பொதுப்பணித் துறையும் 1993-ல் மரத்துக்குப் போட்ட தடையை 2020-ல் எடுத்துவிட்டது. ஆனால் நம் தெருவில் ஒரு வீட்டுக்கு அதை இறக்குமதி செய்வது இப்போதைக்குக் கட்டுபடியாகாது, கரையானுக்கும் கடல் ஈரத்துக்கும் தனி ஏற்பாடு வேண்டும். சுவர் செங்கல்லாகவே இருக்கட்டும்.

வேலை முடிந்து மிஞ்சிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கலாமா?

கூடாது. சும்மா மரம் என்றால் எரியுங்கள். பிளைவுட், எம்.டி.எஃப்., மைக்கா ஒட்டிய துண்டு எரிந்தால் பசையும் மருந்தும் சேர்ந்து புகையாகி வீட்டாரின் நெஞ்சுக்குள்தான் போகும், சில மருந்துகளில் ஆர்சனிக் இருக்கிறது, சாம்பலைச் செடிக்குப் போட்டால் மண்ணும் கெடும். வேலை தொடங்கும் முன்பே ஆசாரியோடு உட்கார்ந்து 8-க்கு 4 பலகையில் எந்தத் துண்டு எங்கே வரும் என்று காகிதத்தில் வரைந்துவிட்டால் மிச்சமே பெரிதாக இருக்காது. அப்படியும் மிஞ்சுவதை டிராயர் அடிப்பலகை, செருப்பு ஸ்டாண்டு, சாமி மாடம் என்று முடித்துக்கொள்ளுங்கள், ஒரு அடிக்கு மேல் இருக்கும் துண்டுகளை ஆசாரிகள் கேட்டு வாங்கிப் போவார்கள், கொடுத்துவிடுங்கள்.